27 பேரில் ஒருவர்கூட தப்பக் கூடாது!

குட்டீஸ்... கிரிக்கெட்டில், 'ஹாட்ரிக்' என்றால் உங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்! அதற்கே மைதானம் அதிரும். வீட்டில் டிவி முன் உட்கார்ந்திருப்பவர்கள் சோபாவில் ஏறிக் குதிப்பார்கள். மூன்று பேரை அவுட்டாக்கினாலே இந்த ஆர்ப்பாட்டம் என்றால், மட்டையோடு வருகிற ஒவ்வொருவரையும், முதல் ஆளில் இருந்து 27வது ஆள் வரை, ஒருவர் பாக்கியில்லாமல் வரிசையாக அவுட்டாக்கினால்?

நம்ப முடியவில்லையா? பேஸ்பால் விளையாட்டில் அப்படி நடந்திருக்கிறது. அதற்கு, 'பெர்பெக்ட் கேம்' என்று பெயர். குறையே இல்லாத ஆட்டம் என்று தமிழில் சொல்லலாம். பேஸ்பால் பார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வருகிற சொல் இது. ஆனால், சொல் வருகிற அளவுக்கு ஆட்டம் வருவதில்லை!

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நிஜமாக நடந்த கதை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். 2010ம் ஆண்டு, ஜூன் 2ம் தேதி, இரவு. கொமெரிகா பார்க் மைதானத்தில், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியும், கிளீவ்லாந்து அணியும் மோதின. டைகர்ஸ் அணிக்காகப் பந்து வீசியவர், அர்மாண்டோ கலராகா. வெனிசுலா நாட்டில் பிறந்தவர், வயது, 28. பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில், அவரைச் சின்ன லீக்குக்கு அனுப்பி விட்டார்கள். இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்புதான் மறுபடியும் பெரிய அணிக்கு அழைத்திருந்தார்கள்.

அன்று என்னவோ, அவர் கையில் இருந்து போன பந்தை யாராலும் ஒழுங்காக அடிக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பினர். 10 பேர்... 15 பேர்... 20 பேர்... 24 பேர்!

மைதானத்தில், 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள். யாரும் உட்காரவில்லை. கடைசி இன்னிங்ஸ். 25வது ஆள், பந்தை மைதானத்தின் நடுக்கோடிக்குத் தூக்கி அடித்தார். போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தனர். ஆஸ்டின் ஜாக்சன் என்ற பீல்டர், பந்துக்கு முதுகைக் காட்டியபடி ஓடு ஓடென்று ஓடி, தோளுக்கு மேல் வந்த பந்தை அப்படியே பிடித்து விட்டார். 26வது ஆளும் அவுட்.

இன்னும் ஒரே ஒருவர். ஜேசன் டொனால்ட் மட்டையோடு வந்தார். பந்தைத் தரையோடு வலது பக்கம் தட்டிவிட்டு ஓடினார். மிகேல் கப்ரேரா பந்தைப் பொறுக்கி எடுத்தார். கலராகா, பந்து வீசிய இடத்தில் இருந்து முதல் பேசுக்குப் பறந்து ஓடினார். கப்ரேரா எறிந்த பந்து அவர் கையுறைக்குள் விழுந்தது; கால் பேசை மிதித்தது. டொனால்ட் இன்னும் ஓர் எட்டு பின்னால்!

அம்பயர் ஜிம் ஜாய்ஸ், பக்கத்திலேயே நின்று பார்த்துக் கொண்டிருந்தார். அவர் கை அசைந்தது...

கொஞ்சம் பொறுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லும் முன், இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொண்டால்தான், அந்தக் கை அசைவில் எவ்வளவு பெரிய விஷயம் இருந்தது என்பது புரியும்.

27 எப்படி வந்தது?

பேஸ்பாலில், ஓர் அணிக்கு ஒன்பது பேர். மைதானத்தின் உள்பகுதி, சீட்டுக்கட்டில் வருகிற டைமண்ட் போல இருக்கும். அதன் நான்கு முனைகளில், கீழ் முனைதான் மட்டை பிடிப்பவர் நிற்கிற, 'ஹோம் பிளேட்.' மற்ற மூன்றும் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். ஒவ்வொன்றுக்கும் நடுவே, 90 அடி தூரம். பந்தை அடித்தவர், இந்த மூன்று பேஸ்களையும் சுற்றி, மறுபடியும் ஹோம் பிளேட்டுக்கு வந்தால், ஒரு ரன். ஆமாம்... நாலு முனையையும் சுற்றினால்தான் ஒன்று! கிரிக்கெட்டில் 300, 350 என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, 3 - 0, 2 - 1 என்று முடிகிற பேஸ்பால் ஸ்கோர், கால்பந்து ஸ்கோர் மாதிரி தெரியும்.

பந்து வீசுபவருக்கு, 'பிட்சர்' என்று பெயர். ஹோம் பிளேட்டில் இருந்து, 60 அடி 6 அங்குலம் தள்ளி, சின்ன மண்மேட்டின் மேல் நிற்பார். நம் பவுலர் போல ஓடி வரமாட்டார். நின்ற இடத்தில் இருந்தே, காலைத் தூக்கி, உடம்பைச் சுழற்றி எறிவார். பந்து தரையில் குத்தாது. மணிக்கு, 150 கி.மீ., வேகத்தில் எறிந்தால், அரை நொடிக்குள் பந்து எதிரே வந்து விடும். மட்டை உருண்டையாக இருக்கும், பந்தும் உருண்டை. இரண்டும் சரியாகச் சந்திப்பது எவ்வளவு கஷ்டம் என்று, ஒரு தடவை உலக்கையால் டென்னிஸ் பந்தை அடித்துப் பார்த்தால் தெரிந்து விடும். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்!

மட்டை பிடிப்பவரின் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே, ஹோம் பிளேட்டுக்கு மேலாகப் பந்து வந்து, அவர் அடிக்காமல் விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ, அது, 'ஸ்டிரைக்.' மூன்று ஸ்டிரைக் ஆனால், அவுட். அந்த எல்லைக்கு வெளியே போகிற பந்தை அவர் தொடாமல் விட்டால், அதற்கு, 'பால்' என்று பெயர். நான்கு, 'பால்' ஆகிவிட்டால், மட்டைக்காரர் ஓசியிலேயே முதல் பேசுக்கு நடந்து போகலாம். அடித்த பந்து தரையில் விழும் முன் பிடித்தால் அவுட் என்பது நமக்குப் பழகியதுதான். பந்தைத் தரையில் தட்டிவிட்டு ஓடினால், அவர் முதல் பேசை எட்டும் முன், பந்தோடு ஒரு பீல்டர் அந்தப் பேசை மிதித்து விட வேண்டும். அப்போதும் அவுட்.

மூன்று பேர் அவுட்டானால், அரை இன்னிங்ஸ் முடிந்தது. அடுத்த அணி மட்டை பிடிக்கும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். ஒன்பதை மூன்றால் பெருக்குங்கள்... 27 வந்ததா?

'அணியில் ஒன்பது பேர்தானே, 27 பேர் எப்படி வருவார்கள்?' என்று கேட்கிற கணக்குப் புலிகளுக்கு: ஒருமுறை அவுட்டானவர், வரிசைப்படி மறுபடியும் வருவார். ஒருவர்கூட தப்பாவிட்டால், ஒன்பது இடங்களுக்கும் சரியாக மூன்று முறை வாய்ப்பு வரும். கூடவும் வராது, குறையவும் வராது. அதுதான் பெர்பெக்ட் கேம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிட்சர் மட்டும் நன்றாக வீசினால் போதாது. யாராவது ஒருவர், எந்த வழியிலாவது முதல் பேசைத் தொட்டுவிட்டால் எல்லாம் போச்சு. பந்தை அடித்துவிட்டு ஓடினாலும் போச்சு. நான்கு, 'பால்' வாங்கி நடந்தாலும் போச்சு. வீசிய பந்து மட்டைக்காரர் மேல் பட்டாலும் போச்சு. பீல்டர் ஒருவர் கை நழுவிப் பந்தைக் கீழே விட்டு, அதனால் மட்டைக்காரர் பேசுக்குப் போய்விட்டாலும் போச்சு! பெயர் கிடைப்பது ஒருவருக்கு. ஆனால், பயம் ஒன்பது பேருக்கும்.

'நோ ஹிட்டர்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. பலர் இரண்டையும் குழப்பிக் கொள்வர். அடித்து யாரும் பேசை எட்டவில்லை, ஆனால், 'பால்' வாங்கியோ, பீல்டர் தப்பாலோ சிலர் எட்டினர் என்றால், அது நோ ஹிட்டர். அதுவே அபூர்வம்தான். பெர்பெக்ட் கேம், அதற்கும் மேலே.

எவ்வளவு அபூர்வம் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், இப்போது, 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு, 162 ஆட்டங்கள். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் நடந்த ஆட்டங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில், 2023ம் ஆண்டு டொமிங்கோ ஹெர்மான் வீசியதையும் சேர்த்து, பெர்பெக்ட் கேம்கள் மொத்தம், 24 தான்! இரண்டு முறை இதைச் செய்த பிட்சர் ஒருவர்கூட இல்லை.

முதல் இரண்டும் நடந்தது, 1880ல். ஜூன் 12ம் தேதி லீ ரிச்மண்ட் என்பவர் வீசினார். அப்போது அவர் கல்லூரி மாணவர். ஐந்தே நாளில், ஜூன் 17ம் தேதி, ஜான் வார்ட் என்பவர் அடுத்ததை வீசினார். 'பூ, இவ்வளவுதானா!' என்று அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால், அவர்கள் அடுத்ததைப் பார்க்க, 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பேசாதே... மூச்சு விடாதே!

பேஸ்பால் வீரர்களிடம் ஒரு வேடிக்கையான நம்பிக்கை உண்டு. பெர்பெக்ட் கேம் நடந்து கொண்டிருக்கும்போது, அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. பிட்சரிடம் யாரும் பேசவும் மாட்டார்கள். இடைவேளையில் அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். பாவம்... வாழ்க்கையிலேயே மிகப்பெரிய நாளன்று, ஏதோ சண்டை போட்டுக் கொண்ட பிள்ளை மாதிரி இருப்பார்!

நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்சனுக்கு இதுதான் நடந்தது. 1956ம் ஆண்டு, அக்டோபர் 8ம் தேதி. 'வேர்ல்டு சீரிஸ்' எனப்படும் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், லார்சன் மோசமாக வீசியதால், இரண்டாவது இன்னிங்சிலேயே வெளியே அனுப்பப்பட்டிருந்தார். மறுபடி வாய்ப்பு வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அன்று காலையில் வந்து பார்த்தால், அவருடைய பூட்சுக்குள் ஒரு பந்து இருந்தது. யாங்கீஸ் அணியில், 'இன்று நீதான் பிட்சர்' என்று சொல்லும் வழக்கம் அது!

லார்சன் வீசினார். ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில், 'இது நடந்துவிட்டால் எப்படி இருக்கும்?' என்ற பேச்சை, சக வீரர் மிக்கி மேன்ட்டிலிடம் எடுத்தார். மேன்ட்டில் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மற்றவர்களும் அப்படித்தான். ஆனால், லார்சன் 27 பேரையும் சாய்த்தார். கேட்சர் யோகி பெர்ரா ஓடிவந்து, குழந்தையைப் போல லார்சனின் இடுப்பில் தொற்றிக் கொண்ட படம், அமெரிக்காவில் மிகவும் பிரபலம். வேர்ல்டு சீரிஸ் தொடரில் பெர்பெக்ட் கேம் வீசியவர், இன்றுவரை அவர் ஒருவர்தான்.

லார்சன் பெரிய பிட்சரா என்றால், இல்லை. மொத்த வாழ்க்கையில் அவர் ஜெயித்தது, 81 ஆட்டம், தோற்றது, 91. எனக்கு அவரை மிகவும் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு அதிசயமும் கேளுங்கள். 1999ம் ஆண்டு, ஜூலை 18ம் தேதி, யோகி பெர்ராவைக் கவுரவிக்க யாங்கீஸ் மைதானத்தில் ஒரு விழா நடத்தினர். வயதாகிப் போன லார்சன் வந்து, பெர்ராவுக்கு ஒரு பந்து வீசி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். அன்றைய யாங்கீஸ் பிட்சர் டேவிட் கோன், அவர் கண் முன்னாலேயே பெர்பெக்ட் கேம் வீசினார்! சினிமாவில் வைத்தால், 'ரொம்ப ஓவர்' என்று சொல்லி இருப்போம்.

எல்லாருக்கும் அதிர்ஷ்டம் இப்படி இல்லை. 1959ம் ஆண்டு, மே 26ம் தேதி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ், உடம்பு சரியில்லாமல்தான் மைதானத்துக்கு வந்தார். மில்வாக்கி அணியின் 27 பேரையும் அவுட்டாக்கினார். ஆனால், ஆட்டம் முடியவில்லை. ஏன் தெரியுமா? அவருடைய அணியும் ஒரு ரன் கூட எடுக்கவில்லை! சமநிலை என்றால், பேஸ்பாலில் கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவர். 10, 11, 12 என்று மேலும் மூன்று இன்னிங்ஸ். ஹாடிக்ஸ் அசரவில்லை. தொடர்ந்து, 36 பேர் அவுட்!

13வது இன்னிங்ஸ். ஒரு பீல்டர், பந்தைப் பொறுக்கித் தவறாக எறிந்துவிட்டார். முதன்முறையாக ஓர் எதிரணி வீரர், முதல் பேசில் நின்றார். கொஞ்ச நேரத்தில், ஒரு பெரிய அடி. மில்வாக்கி, 1 - 0 என்று ஜெயித்தது. வரிசையாக, 36 பேரை வீழ்த்திய மனிதர், தோற்றுப் போனார்.

நீண்ட நாளாக அந்த ஆட்டத்தையும் பெர்பெக்ட் கேம் பட்டியலில் பலர் சேர்த்துச் சொல்லி வந்தனர். 1991ல், மேஜர் லீக் அதிகாரிகள் இந்தச் சொல்லுக்கு உறுதியான விளக்கம் எழுதினர். ஆட்டம் முடிகிறவரை ஒருவர்கூட பேசைத் தொட்டிருக்கக் கூடாது என்றனர். ஹாடிக்சின் ஆட்டம் பட்டியலுக்கு வெளியே போனது. விதிப்படி சரிதான். இருந்தாலும், 27 பேரை வீழ்த்தியவருக்குப் பட்டியலில் இடம், 36 பேரை வீழ்த்தியவருக்கு இல்லை என்பதை, என் மனம் ஏற்க மறுக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பீல்டரால் பெர்பெக்ட் கேம் போனதைப் பார்த்தோம். பீல்டரால் பிழைத்ததும் உண்டு. 2009ம் ஆண்டு, ஜூலை 23ம் தேதி, சிகாகோ நகரில் மார்க் பேர்லி, 24 பேரை அவுட்டாக்கியிருந்தார். கடைசி இன்னிங்சுக்கு மட்டும், பீல்டிங் பலமாக இருக்கட்டும் என்று, டிவெய்ன் வைஸ் என்பவரை உள்ளே அனுப்பினர். அடுத்த மட்டைக்காரரே, பந்தை எல்லைச் சுவருக்கு மேல் தூக்கி அடித்தார். வைஸ் ஓடிப்போய்ச் சுவரில் எகிறி, மேலே போன பந்தைக் கையுறையில் பிடித்தார். கீழே விழுகிற நேரத்தில், பந்து கையுறையில் இருந்து நழுவி வெளியே வந்தது! விடவில்லை... இன்னொரு கையால், வெறுங்கையால் அதைக் கவ்விப் பிடித்தார். அந்தப் பெர்பெக்ட் கேமுக்காக, அன்றைய அதிபர் ஒபாமா, போனில் பேர்லியை அழைத்து வாழ்த்தினார். அந்த போனில், வைசுக்கும் பாதி பங்கு உண்டு!

கடலோர ஊர்ப் பையன்

பேஸ்பால் என்றால் அமெரிக்கா மட்டும் அல்ல. ஜப்பானிலும் அதற்கு உயிரை விடுகிற ரசிகர்கள் உண்டு. அங்கு, 1994க்குப் பிறகு, 28 ஆண்டுகள் யாரும் பெர்பெக்ட் கேம் வீசவில்லை. 2022ம் ஆண்டு, ஏப்ரல் 10ம் தேதி, சிபா லோட்டே மரைன்ஸ் அணியின் ரோக்கி சசாகி அதை முடித்துக் காட்டினார். வயது, 20. அவர் வீசிய பந்துகளைப் பிடித்த கேட்சருக்கு, 18 வயது. பள்ளிக்கூடத்தை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்!

அன்று, 27 பேரில், 19 பேரை ஸ்டிரைக்கிலேயே வெளியேற்றினார் சசாகி. அதில் வரிசையாக, 13 பேர். பந்தின் வேகம், மணிக்கு, 160 கி.மீ.,யைத் தாண்டியது.

இந்தப் பையனின் ஊர், ரிக்குசென்டகாடா. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. 2011ம் ஆண்டு, மார்ச் 11ம் தேதி, பெரும் பூகம்பமும் சுனாமியும் வந்தபோது, அந்த ஊரைக் கடல் வழித்துக்கொண்டு போய்விட்டது. சசாகிக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவையும், தாத்தா பாட்டியையும் அந்த அலையில் இழந்தார். வேறு ஊருக்குக் குடி போய், அங்கும் பந்து வீசுவதை விடவில்லை. 2004ம் ஆண்டு சுனாமியைப் பார்த்த நம் கடலோர மக்களுக்கு, அந்த ஒன்பது வயதுப் பையன் எப்படி இருந்திருப்பான் என்பதை விளக்கத் தேவையில்லை.

பெர்பெக்ட் கேமுக்கு அடுத்த வாரமே, சசாகி மறுபடியும் எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் தப்பவிடவில்லை. 24 பேர் அவுட். ஆனால், 102 பந்துகள் வீசிவிட்டார். இளைஞரின் தோள் கெட்டுவிடக் கூடாது என்று, பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துவிட்டார். ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். சசாகி, 2025ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார்.

இந்தச் சொல் மற்ற விளையாட்டுகளுக்கும் போயிருக்கிறது. வணிக வளாகங்களில் கனமான பந்தை உருட்டி, 10 கட்டைகளைச் சாய்ப்பார்களே, பவுலிங்... அதிலும் தொடர்ந்து, 12 முறை மொத்தக் கட்டைகளையும் சாய்த்து, 300 புள்ளி எடுத்தால், பெர்பெக்ட் கேம்தான்.

சரி, டெட்ராய்டுக்குத் திரும்புவோம். அம்பயரின் கை என்ன சொன்னது?

கிரிக்கெட்டில் அம்பயர், 'வைடு' காட்டுவாரே, அப்படி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார் ஜிம் ஜாய்ஸ். பேஸ்பாலில் அதற்கு, 'சேப்' என்று அர்த்தம். அதாவது, அவுட் இல்லை!

மைதானம் ஒரு கணம் உறைந்து போனது. கப்ரேரா தலையில் கை வைத்துக் கொண்டார். அணியின் மேலாளர் ஜிம் லேலண்ட், வாக்குவாதம் செய்ய ஓடி வந்தார். ரசிகர்கள் கத்தினர். டிவியில் மறுபடி மறுபடி போட்டுக் காட்டினர். டொனால்ட் பேசை எட்டும் முன்பே, பந்து வந்துவிட்டது தெளிவாகத் தெரிந்தது.

கலராகா என்ன செய்தார் தெரியுமா? கத்தவில்லை, கையுறையைத் தூக்கி எறியவில்லை. அம்பயரைப் பார்த்து, லேசாகப் புன்னகை செய்தார். பந்தை எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போனார். அடுத்த ஆளுக்கு வீசினார், அவரும் அவுட். ஆட்டம், 3 - 0 என்று முடிந்தது. மொத்தம், 88 பந்துகள்தான் வீசியிருந்தார்.

ஜிம் ஜாய்ஸ் ஏமாற்றுக்காரர் இல்லை. 20 ஆண்டுகளுக்கும் மேல் அம்பயராக இருந்தவர். வீரர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர். தான் பார்த்தது சரி என்று அந்த நொடியில் நம்பினார். ஆட்டம் முடிந்ததும், அம்பயர்கள் அறைக்குப் போய், அந்தக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவைதான். முகம் மாறிவிட்டது.

பத்திரிகையாளர்களிடம், 'அப்போது எனக்கு அப்படித் தெரிந்தது' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன், அந்தப் பையனின் பெர்பெக்ட் கேமைக் கெடுத்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். கலராகாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வரவழைத்தார். 54 வயது மனிதர், 28 வயது இளைஞர் முன் நின்று மன்னிப்புக் கேட்டு அழுதார். கலராகா அவரைக் கட்டிப் பிடித்துக் கொண்டார். 'குறையில்லாதவர் யாரும் இல்லை' என்றுதான் நிருபர்களிடம் சொன்னார்.

லீக் தலைவர் நினைத்தால், அந்தத் தீர்ப்பை மாற்றலாம் என்று பலர் கேட்டனர். தலைவர் பட் செலிக் மாற்றவில்லை. அப்போது வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் முறை, 'ஹோம் ரன்' சந்தேகங்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2014ம் ஆண்டு முதல், இதுபோன்ற, 'அவுட்டா, சேபா' சண்டைகளுக்கும் வீடியோ வந்துவிட்டது. அந்த இரவு வீடியோ இருந்திருந்தால், ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

மறு ஆண்டு, 2011ல், கலராகாவும் ஜாய்சும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டனர். 2020ல், 10 ஆண்டு கழிந்த பிறகும், அந்த ஆட்டத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற ஆசையைக் கலராகா சொன்னார். இன்றுவரை சேர்க்கவில்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, 1901ல் இருந்து மேஜர் லீக்கில் ஆடுகிறது. அந்த அணியின் பெயரில் ஒரு பெர்பெக்ட் கேம்கூட இல்லை.

அடடா... அந்த இரவுக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே!

ஜூன் 3ம் தேதி, அதே மைதானம், அதே இரண்டு அணிகள். அன்று ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று தீர்ப்பு சொல்ல வேண்டிய முறை, ஜாய்சுக்கு. வேண்டுமானால் லீவு எடுத்துக் கொள்ளலாம் என்றனர். இரவு முழுவதும் அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். நாடு முழுக்கத் திட்டிக் கொண்டிருந்தது. 'இல்லை, வருகிறேன்' என்று வந்தார்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும், இரண்டு அணிகளும் தங்கள் வீரர்கள் பட்டியலை எழுதி, ஒரு அட்டையில் அம்பயரிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மேலாளரோ, பயிற்சியாளரோதான் கொண்டு வருவர். அன்று மேலாளர் லேலண்ட், அந்த அட்டையைக் கலராகாவின் கையில் கொடுத்து அனுப்பினார்.

கலராகா நடந்து வருவதைப் பார்த்ததுமே ஜாய்சின் கண்கள் நிறைந்துவிட்டன. கலராகா அட்டையை நீட்டினார், கை குலுக்கினார். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக் கொண்டே, அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். முந்தின நாள் கத்தித் தீர்த்த ரசிகர்கள், எழுந்து நின்று கை தட்டினர்.

பிறகு ஆட்டம் தொடங்கியது.